முன்வரிசை இருமல்

"பதினொண்ணு" என்று எண்ணி முடித்து, ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். ஏழு பாட்டுக்குள் பதினோரு இருமல்.

போன மாதம் சாலை விபத்தில் இறந்துபோன ராப் பாடகரின் கடைசிக் கச்சேரி அது. ரசிகர்களுக்கு அவர் 'தோட்டா'. மூச்சுவிடாமல் ஒரு பாட்டை முடிப்பதில் பேர்போனவர். நாளை ஆல்பம் வெளியீடு. 'வெட்டாத, ஒட்டாத நேரடிக் கச்சேரி' என்று அட்டையும் அச்சாகிவிட்டது. பதினெட்டு வருட வேலையில் முதல்முறையாக ஒலிப்பதிவாளரின் பெயரும் அதன் பின்பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு நான்கு அட்டைகள் கொண்டுபோய்க் காட்டியாயிற்று. மாலையில் தோட்டாவின் அம்மா வந்து கேட்டு, சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"யாருய்யா இருமுறது?" என்றார் ஆல்பம் கம்பெனி மேலாளர்.

"முன்வரிசையில எவனோ சார். பாட்டு அதுபாட்டுக்கு ஓடுது, இருமல் தனியா வருது பாருங்க."

"எடுத்துத் தொலைங்க. கேக்குறவன், தோட்டா இருமியே செத்தாருன்னு நினைப்பான்."

"அட்டையில வெட்டாததுன்னு போட்டிருக்கே..."

"அட்டை காதுல கேக்குமா?"

எடுத்தார். இருமலோடு கைதட்டலும் போயிற்று. பதினோரு இடங்களில், ஐயாயிரம் பேரும் ஒன்றாகக் கிணற்றில் விழுந்ததுபோல் அமைதி.

"நம்ம ஆளுங்களைக் கத்த விடுங்க" என்றார் மேலாளர்.

கணக்கர், டிரைவர், வரவேற்பறைப் பெண் என ஒன்பது பேர் கண்ணாடி அறைக்குள் அடைபட்டு, "தோட்டா! தோட்டா!" என்று கத்தினார்கள்.

"சார், உக்காந்துகிட்டே கத்தலாமா?" என்றார் கணக்கர்.

"கச்சேரிக்கு வந்திருக்கீங்க. குதிங்க!"

மதியத்துக்குள் ஒன்பது தொண்டையும் கட்டிக்கொண்டன. போட்டுக் கேட்டபோது பதினோரு இருமல் நாற்பதாகியிருந்தது.

ஒலிப்பதிவாளர் தன் மகளின் பள்ளி ஆண்டுவிழாப் பதிவிலிருந்து கைதட்டலை எடுத்து ஒட்டினார். "எங்களை அடக்க எவன் இருக்கான்?" என்று தோட்டா முழங்கினார். "கடைசி வரிசை, வாயை மூடு!" என்றார் தலைமையாசிரியர்.

மேலாளர் யோசித்தார். "இது நல்லாத்தானே இருக்கு?"

அதையும் கிள்ளி எறிந்துவிட்டு, பாட்டு முடிந்தபின் வந்த கைதட்டலைத் துண்டு துண்டாக நறுக்கி நடுவில் ஒட்டினார் ஒலிப்பதிவாளர். நான்கு மணிக்கு ஆல்பம் கழுவிவைத்த கண்ணாடிபோல் இருந்தது.

தோட்டாவின் அம்மா வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேனாவை விரலிடுக்கில் வைத்தபடி, ஏழு பாட்டையும் கண்மூடிக் கேட்டார். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து போடச் சொல்லிக் கேட்டார்.

"இருமல் எங்கப்பா?"

"சுத்தமா எடுத்துட்டோம்மா!" மேலாளர் ஒலிப்பதிவாளரின் முதுகில் தட்டினார். "எல்லாம் இவர் கைவேலை. முன்வரிசையில எவனோ ஒரு சனியன் இருமிக்கிட்டே இருந்திருக்கான்."

"முன்வரிசையில நான்தானே உக்காந்திருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்கு அவனுக்குக் குரலே வரலப்பா. ஸ்டுடியோவுல பாடி வச்சதை ஓடவிட்டு, வாயை மட்டும் அசைச்சான். அந்தக் கச்சேரியில என் புள்ளை தன் வாயால பண்ணினது அந்த இருமல் மட்டும்தான்."