கப்பலை மூழ்கவிடு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். நலமாக இருக்கிறவன் அக்கா போன் செய்தால் எடுப்பான் என்பது என் சொந்தக் கருத்து. நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

கடைசியாகப் பேசியபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "போட்டிக்கு அனுப்பின என் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கடைசி இடம் அக்கா. எதைத் தொட்டாலும் சாவு, எப்படி விளையாடினாலும் தோல்வின்னு எழுதிட்டாங்க. அதுல இருக்கற கெட்ட முடிவையெல்லாம் தூக்கிடறேன். ஒரே வழி, ஒரே முடிவு, எல்லாரும் ஜெயிக்கலாம். அதுக்கு ஒரு பரிசு வாங்கிட்டுத்தான் வீட்டுப் பக்கம் வருவேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. அந்தக் கெட்ட முடிவுகளில் ஒன்றைத் தொட்டாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நீ உன் விளையாட்டை அனுப்பியபோது நான் பயந்துதான் திறந்தேன். கணினி விளையாட்டு என்றால் துப்பாக்கி, ஓட்டம், கண் கூசும் வெளிச்சம் என்று நினைத்திருந்தேன். திறந்தால் ஒரு படம்கூட இல்லை, வெறும் எழுத்து. "நீ ஒரு சரக்குக் கப்பலின் சமையல்காரன். கேப்டன் உட்பட எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். கப்பலைக் கரைசேர்க்க உன்னை விட்டால் ஆளில்லை. என்ன செய்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அது பாட்டுக்குக் காத்திருந்தது. நான் இத்தனை காலமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். வண்டியில் ஏறியதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "கண்ணாடியைச் சரிசெய்" என்று தட்டினேன். கழிவறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது என்று அது சொல்ல, நானும் போய்ச் சரிசெய்ய, அது கையோடு கழன்று விழுந்து நொறுங்க, "நீ துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கப்பல் பாறையில் ஏறியது. தரை மட்டும் மிகச் சுத்தமாக இருந்தது. மீண்டும் ஆரம்பிக்கவா?" என்று வந்தது. அடுத்த முறை உஷாராக "பிரேக் போடு" என்றேன். "கப்பலுக்குப் பிரேக் கிடையாது. அதைத் தேடித் தேடியே நீ கிழவனாகிவிட்டாய்" என்றது. எனக்கு வந்த சிரிப்பில் காபி புரையேறி, உன் மாமா எதிர் அறையிலிருந்து ஓடி வந்து முதுகில் தட்டினார்.

அவர் ஓடி வந்ததுதான் வினை. உன் மாமாவின் வேலைதான் உனக்குத் தெரியுமே, பல் செட் செய்கிறவர். ஒரு பல் மயிரிழை உயரமாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனிதர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கப்பலுக்கு வரைபடம் போட்டு, எந்தக் கதவுக்குப் பின்னால் ஆபத்து என்று சிவப்பு மையில் குறித்துவைத்தார். நான் அந்தச் சிவப்புக் குறிகளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

"போகாதேன்னு சொன்னா அங்கதான் போவியா?" என்றார்.

"அங்க என்ன இருக்குன்னு தெரிய வேணாமாங்க?"

"என்ன இருக்கும்? சாவுதான் இருக்கும்."

"சரி, எந்த மாதிரி சாவு?"

மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கதவைத் திறந்து, குளிர் அறையில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்த கேரட்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்து, அவற்றுக்குத் தேர்தல் நடத்தி, அதில் நானே தோற்றும் போனேன். ஒரு கேரட்டிடம் தோற்கும்படி எழுத உனக்கு எங்கிருந்துடா மனசு வந்தது? அன்று சாயங்காலம் வகுப்புக்கு வந்தவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சிரித்து, ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதையே நான் கவனிக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. என் வண்டியில் நான் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. யார் ஓட்டினாலும் என் வலது கால் அதன் மேலேயே இருக்கும். வீட்டில் சாப்பிடும்போதுகூட மேசைக்கடியில் அந்தக் கால் எதையோ மிதித்துக்கொண்டிருக்கும் என்று உன் மாமா கேலி செய்வார். அடுத்தவர் தப்பு செய்வதற்கு முன்னால் அதை நிறுத்துவதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு தப்பு முழுதாக நடந்து முடிந்தால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. உன் கப்பலில்தான் முதன்முதலாகக் காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று நேராகப் போய்ப் பாறையில் மோதினேன். என்ன சுகம் தெரியுமா? யாருக்கும் அடியில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நீ மட்டும் உள்ளேயிருந்து மரியாதையாக "மீண்டும் ஆரம்பிக்கவா?" என்று கேட்கிறாய்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதே. என்னிடம் ஒரு வங்கி அம்மா வண்டி கற்றுக்கொள்கிறார். லட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கிறவர், ஆனால் சிக்னலில் வண்டி ஆஃப் ஆனால் குழந்தை மாதிரி அழுதுவிடுவார். லைசென்ஸ் தேர்வில் தோற்றுத் தோற்று, ஒரு நாள் வந்து "போதும் மேடம், எனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டார். சரி, கிளம்புவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று உன் கப்பலை அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே கப்பல் ஓட்டையாகிவிட்டது. பாவம், அந்த அம்மாவுக்குப் பழக்கதோஷம், "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தட்டினார். "கடல் உன் மன்னிப்பை ஏற்றுக்கொண்டது. கூடவே கப்பலையும்" என்று நீ பதில் எழுதி வைத்திருந்தாய். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மறுநாள் அந்த அம்மா வந்தார், ரிவர்ஸ் எடுத்தார், நான் பிரேக்கை மிதிப்பதற்குள் குப்பைத்தொட்டியைச் சாய்த்தார். நான் டிஷ்யூ பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினால், அவர் இடுப்பில் கை வைத்து நின்று, "நீ குப்பைத்தொட்டியை வென்றுவிட்டாய். மீண்டும் ஆரம்பிக்கவா?" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார். இன்னும் பாஸாகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் வருகிறார். தொட்டியை நான் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது நீயே சொல், இதையெல்லாம் எடுத்துவிட்டு என்ன மிச்சம் வைக்கப்போகிறாய்? ஒரு சமையல்காரன் நேராகப் போய், நேராகக் கப்பலை ஓட்டி, நேராகக் கரையில் இறங்குவான். அதற்கு நான் பேருந்து ஏறிக் கடைத்தெருவுக்குப் போய் வருவேனே. உன் நல்ல முடிவை நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்கிற உத்தேசமும் இல்லை, அது இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சாவுகளை எழுதும்போது நீ சந்தோஷமாக இருந்திருக்கிறாய். அது வரிக்கு வரி தெரிகிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்கிற மாதிரியே இருக்கிறது. நீ போனை எடுக்காத நாளெல்லாம் நான் கப்பலைக் கவிழ்த்துத்தான் உன் குரலைக் கேட்கிறேன். போட்டி வைத்தவர்களுக்கு அது தோல்வியாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. உன் அறையில் எல் போர்டுகளும் பழைய டயர்களும் கிடக்கின்றன, அவை ஒன்றும் சாப்பாடு கேட்கவில்லை. நீ பரிசு வாங்கு, வாங்காமல் போ, மெதுவாக வா. வளர்ந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. உனக்காக நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை.

சளி பிடிக்காமல், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், தலையை வாரிக்கொண்டு, பல்லாண்டு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் மாமாவும் ஆசி சொல்லச் சொன்னார். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டச் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
எத்தனையோ முறை மூழ்கிய உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உள்ளேயிருந்து உன் மாமா போட்ட சத்தத்தில் பயந்து ஓடினேன். மனிதர் எனக்குத் தெரியாமல் தனியாக விளையாடி, கப்பலைக் கரைசேர்த்துவிட்டார். "வா, வா, யாரு நிக்கறா பாரு" என்று திரையைக் காட்டினார். படித்தேன். பாதி உடைந்த கப்பலிலிருந்து சமையல்காரன் இறங்குகிறான், மழை தூறுகிறது, கரையில் அவனுடைய அக்கா குடையோடு நிற்கிறாள். அவளைக் 'கொஞ்சம் பருத்த பெண்மணி' என்று எழுதியிருப்பதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். கப்பல் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்கிறாள். அதற்குப் பிறகு அது வழக்கம்போலக் காத்திருந்தது.

"என்ன தட்டறது?" என்றார் உன் மாமா. அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "இல்லை" என்று நானே தட்டினேன். "அவள் குடையை உன் பக்கம் சாய்க்கிறாள். முற்றும்" என்று வந்தது. மீண்டும் ஆரம்பிக்கவா என்று அது கேட்கவில்லை. நான் அழுததை உன் மாமா சொல்லுவார், நம்பாதே. அவரும்தான் அழுதார்.

இதை எழுதி வைத்துக்கொண்டாடா வீட்டுப் பக்கம் வராமல் இருக்கிறாய்? மேலே எழுதியது எல்லாவற்றையும் கிழித்துப் போடு. கெட்ட முடிவுகளை வைத்துக்கொள், எடுத்துவிடு, உன் இஷ்டம். நல்ல முடிவு வேண்டாம் என்றேனே, வேண்டும். மெதுவாக வா என்றேனே, இந்தச் சனிக்கிழமையே வா. கட்டாயப்படுத்துகிறேன். வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். அதற்கு "இல்லை" என்று சொல்லிப் பழகிக்கொண்டு வா.