ஒரு சேவலுக்கு ஆட வந்தவர்

அன்பு மருமகன் பிரியந்தனுக்கு, மாமா சூசை சொல்லச் சொல்லப் பேத்தி அஞ்சலா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் வலது முழங்கால் தவிர.

பாண் ரொட்டிக்கு விடியலிலேயே வரிசையில் நின்ற வருஷம், தோட்டத்தைக் கவர்மெண்ட் எடுத்ததற்கு முந்தின வருஷம், நம் தோட்டத்து ஃபுட்போல் டீம் பைனலில் யட்டவத்தக்காரர்களை ஜெயித்தது. அந்தக் கப்புக்குத்தான் நீ செயலாளராக நின்று இந்த ஞாயிறு ஐம்பதாம் ஆண்டு விழா எடுக்கிறாய். சந்தோஷம். ஆனால் மேடையில் கேப்டன் கபிரியேல் அண்ணனுக்கு மட்டும் மாலையாம், அன்றைக்குக் கோல் காத்த பல்லேபொல ஊர் ஜுனைதீனுக்கு இல்லையாம். கேட்டதற்கு, "அவரு கூலிப்படை, நம்ம ஆளு இல்ல"ன்னு சொன்னாயாம்.

நான் எழுத்தறியாதவன். ஆகையால் ஃபாதரிடம் போய்க் கேட்டேன். இங்கிலீஷில் அதற்கு மெர்சனரி என்று பெயராம். லத்தீனில் கூலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஆதியில் கூலி வாங்கும் எவனுக்கும் அதே பெயர்தானாம், துப்பாக்கி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டதாம். அப்படியென்றால் கொழுந்தெடுத்து உன்னைப் படிக்கவைத்த உன் அம்மாவும் கூலிப்படைதானே, மருமகனே?

நடந்ததைக் கேள். நம் கோல்கீப்பருக்கு அம்மை போட்டுவிட்டது, அதனால் ஒரு சேவல் கூலி பேசி ஜுனைதீனைக் கூட்டிவந்தோம், கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவன் நான், எல்லாம் கண்ணால் பார்த்தேன், பாதி ஆட்டத்தில் யட்டவத்தக்காரர்கள் வந்து ரெண்டு சேவல் தருகிறோம், கோலை விட்டுவிடு என்றார்கள், "பேசினது பேசினதுதான்"னு மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிறகு ஒரு ஃபவுலுக்காகச் சண்டை மூண்டு அவங்க கம்போட எறங்க, கபிரியேல் அண்ணன் முன்னால ஓட, கூலியில்லாத மத்த ஒன்பது பேரும் பின்னாலயே தேயிலைக்குள்ள பூந்துட்டாங்க, ஜுனைதீன் மட்டும் கோலிலேயே நிக்கிறார். "ஓடி வாங்க ஜுனைதீன் நானா"ன்னு நான் கத்துறேன். "விசில் ஊதல்லியே தம்பி, கூலி விசில் வரைக்கும்தானே" என்கிறார். யட்டவத்த டீமும் நம்மவர்களைத் துரத்திக்கொண்டு தேயிலைக்குள் போய்விட்டதால், மைதானத்தில் மிஞ்சியது நம்ம ஆள் ஒருவர்தான் என்று ரெஃபரி கப்பை நமக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கலவரத்தில் சேவலும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஜுனைதீன் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

ஆகவே அவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு மாலை. இல்லாவிட்டால் நான் விழாவுக்கு வரமாட்டேன். ஏன் வரவில்லை என்று கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொல்வேன்.

உனக்கும் உன் மனைவி ஜூலியட்டுக்கும் பிள்ளைகளுக்கும் சர்வேசுரன் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
மாமா சூசை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆள் வந்து சொன்னது. கபிரியேல் அண்ணன் இன்று காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அவர் முன்னால் ஓடினார் என்று மேலே சொன்னதை அடிக்கச் சொன்னேன். தாள் அசிங்கமாகிவிடும் என்கிறாள் அஞ்சலா. அந்த இடத்தை நீ வாசிக்காமல் விட்டுவிடு. நமக்குள் சண்டைக்கும் இனி வேலையில்லை. அன்றைக்கு ஆடியவர்களில் உயிரோடு இருப்பது பல்லேபொல ஜுனைதீன் ஒருவர்தான்.