வரிசையில் நிற்காத ஆயிரத்து ஒன்பது நாற்று

அன்று நாற்றங்காலில் இருந்தவர்கள்: கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். ராமாயி அக்கா. அவர் மகள் செல்வி. செடி தூக்க வந்த செம்மநத்தம் ஆட்கள். அப்புறம் நான். அன்று காலையில்தான் மேஸ்திரி ஆனவன்.

செல்வியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது.

"சாயங்காலம் முதலாளி வர்றாருங்க. காபி நாத்து ஒண்ணு குறைஞ்சாலும் மேஸ்திரி வேலை இல்லீங்க" என்றார் ரைட்டர்.

எங்கள் பக்கம் நாற்றுப் பைகளை ஒவ்வொன்றாக எண்ண மாட்டோம். சம வரிசையாக அடுக்குவோம். நீளத்தை எண்ணு, அகலத்தை எண்ணு, பெருக்கு. அதனால் களவு போகாத நாற்று சம வரிசையில்தான் நிற்கும் என்று நம்பினேன். (நான் எட்டாவது. அதுவும் பாதி.)

பத்துப் பத்தாக அடுக்கினோம். கடைசி வரிசையில் ஒன்பது.

ஒன்று களவு போய்விட்டது! கேட்டைச் சாத்தினேன். எல்லாரையும் அவரவர் பையைத் திறக்கச் சொன்னேன். செல்வியையும்தான்.

அவள் தூக்குப்போசியைத் திறந்து நீட்டினாள். "ரசத்துக்குள்ள நட்டு வெச்சிருக்கேனுங்க. கிண்டிப் பாருங்க."

கிண்டவில்லை. எட்டிப் பார்த்தேன். (பார்த்திருக்கக் கூடாது.)

எதுவும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாக மாற்றி அடுக்கினோம். இப்போது ஒன்று மிச்சம்!

"பயந்துபோய்த் திருப்பி வெச்சுட்டாங்க" என்றேன்.

"போனது ஒண்ணு, வந்தது ரெண்டா? குட்டி போட்டுதா சாமி?" என்றார் ராமாயி அக்கா.

ஒன்பதாக அடுக்கினோம். ஒன்று மிச்சம். எட்டாக, ஏழாக. அப்போதும் ஒன்று மிச்சம். செடியில் ஏதோ ஏவல் இருக்கிறது என்றே நினைத்தேன்.

செல்வி குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆயிரத்து ஒன்பது. ரைட்டர் சீட்டிலும் அதே ஆயிரத்து ஒன்பது. பிறகு குச்சி எடுத்து மண்ணில் வகுத்தாள்.

"இது பகா எண்ணுங்க. ஒண்ணால வகுபடும், ஆயிரத்து ஒம்பதால வகுபடும். வேற எதுக்கும் மசியாது."

"எல்லாத்தாலயும் வகுத்தா பாத்த?"

"முப்பத்தொண்ணு வரைக்கும் போதுமுங்க. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால பெருக்குனாலே ஆயிரத்து ஒம்பதைத் தாண்டிருது. அதுக்கு மேல ஒரு எண் வகுத்தா, அதோட ஜோடி கீழயே மாட்டியிருக்கோணும்."

"அப்ப எப்படித்தான் அடுக்கறது?"

"ஒரே வரிசையா அடுக்குங்க. கேட்டுல ஆரம்பிச்சு குப்பனூர் ரோடு வரைக்கும்."

சிரிப்பு அடங்க நேரமானது. நான் சிரிக்கவில்லை.

நாற்று குறையாததால் வேலை தப்பியது. தட்டு தப்பவில்லை. எல்லார் முன்னாலும் செல்வி சொன்னாள்: "களவாணிப் பேரோட நான் எந்த ஊட்டுக்கும் வரமாட்டேனுங்க. யாரு யாரு பையத் திறக்க வெச்சீங்களோ, அவங்க ஊடு ஊடாப் போய் மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் பாக்கலாம்."

ராமாயி அக்கா மகளைத் தடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் எந்த விசேஷத்தில் போட்டோ எடுத்தாலும் செல்வியின் தம்பி வரிசையை விட்டுத் தள்ளி நிற்கிறான். "ஒண்ணு மிச்சமுங்க மச்சான், பையத் தேடுங்க" என்கிறான். போட்டோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செம்மநத்தத்துக்கு மறுநாளே நடந்து போனேன். வாசல் வாசலாக நின்று மன்னிப்புக் கேட்டேன்.

பதினேழு வாசல். அதுவும் பகா எண்.