ஐந்தே ஆட்டத்தில் ஆளை அளப்பவர்

வருங்காலம் சொல்கிறவர்களில் ஒரு வகை உண்டு. கிளி வேண்டாம், கட்டம் வேண்டாம், கைரேகை வேண்டாம். ஒரு தொலைக்காட்சி, ஒரு சாய்வு நாற்காலி, மடியில் ஒரு கிண்ணம் சோளப்பொரி போதும். ஜூன் கடைசியில், தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களை முறை வைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கிற அந்த மாலையில், அமெரிக்காவின் எங்கள் இந்தியானா மாநிலத்தில் இவர்கள் மழைக்கு மறுநாள் ஈசல் மாதிரி கிளம்புவார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் மேடையேறி, அணியின் தொப்பியைத் தலையில் வைத்து, கை குலுக்கிவிட்டு இறங்குவதற்குள் அவன் இருபத்தேழில் எத்தனை புள்ளி எடுப்பான், முப்பதில் எந்த முழங்கால் தகராறு செய்யும், முப்பத்திரண்டில் எந்த அணி அவனைக் கழற்றிவிடும் என்று சொல்லி முடித்திருப்பார்கள். நான் நாற்பது வருஷம் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்த உதவியாளர். எந்த டாக்டரும் இவ்வளவு சுருக்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். முதலில் பையனின் கையைப் பார்ப்பார். கை நீளமாக இருந்தால், "வளர இடம் இருக்கு" என்பார். குட்டையாக இருந்தால், "மனசு பெருசு" என்பார். பிறகு அவன் அம்மாவின் உயரம், பாதத்தின் அளவு, காது. காது ஏன் என்று கேட்காதீர்கள். நான் கேட்டு அரை மணி நேரத்தை இழந்தேன். கடைசியில் எல்லாக் கணிப்பின் வாலிலும் ஒரு "ஆனா" கட்டித் தொங்கவிடுவார். "பெரிய ஆளா வருவான், ஆனா குறி பழகணும்." பையன் பெரிய ஆளானால் முன்பாதியைச் சொன்னவர் இவர், ஆகாவிட்டால் பின்பாதியைச் சொன்னவரும் இவரே. தோற்றதே இல்லை!

எனக்குக் கிடைத்த உதாரணம், அடுத்த வீட்டு வெர்லின் ஸ்டக்கி. வயது எழுபத்துநாலு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம், தனியாகத்தான் இருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு லமார் யோடர் இவருக்குத் துணை, எதிரி, எல்லாமே.

இந்த வருஷம் எங்கள் அணி பதினோராவது முறையில் மார்க்வெல் ஸ்பைவி என்ற பையனை எடுத்தது. ஆறடி ஒன்பது அங்குலம். ஃபார்வர்ட் ஆடுகிறவன், அதாவது கூடைக்குப் பக்கத்தில் முட்டி மோதிப் பந்தைப் பிடுங்க வேண்டியவன். மறுநாள் காலை பத்திரிகைகள் அணிகளுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்னால் வெர்லின் போட்டுவிட்டார்.

"சி கிரேடு. அதுக்கு மேல கிடையாது," என்றார் வீட்டு முன்னால் நின்றுகொண்டு.

"இன்னும் ஒரு பந்துகூட தொடலையேடா அவன்!" என்றார் லமார்.

"தொடணுமா? இடுப்பைப் பாரு. இறுகிக் கிடக்கு. எழுபத்தொண்ணுல நம்ம பள்ளிக்கு ஆடினானே ராய்ஸ் டில்மன், அதே இடுப்பு. சட்டுனு திரும்ப வராது."

"ராய்ஸ் டில்மனை ஞாபகம் வச்சிருக்கிறது உலகத்துலயே நீயும் அவன் தங்கச்சியும்தான். சரி, திரும்பறதுன்னா எப்படி? நீ காட்டு பார்க்கலாம்."

காட்டினார். காரேஜ் வாசலில் மாட்டியிருந்த கூடைக்குக் கீழே, பந்து இல்லாமல், வீட்டுச் செருப்போடு. பாதி திரும்பியதும் வலது இடுப்பெலும்பு உடைந்தது. பத்தொன்பது வயதுக்காரனின் இடுப்பு இறுகிவிட்டது என்று நிரூபிக்கப் போய்த் தன் இடுப்பை முறித்துக்கொண்டவர் எங்கள் மாவட்டத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும், "பாத்தியா, அவனால இந்த அளவுகூட முடியாது," என்றார்.

அறுவை சிகிச்சை, ஆணி, பிறகு வீடு. மகள் ஜோலீன் ஃபோர்ட் வேன் நகரத்திலிருந்து வந்து, அவரைக் காலை மாலை பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்த அன்றுதான் புதுப் பையன்களுக்கான கோடை ஆட்டங்களும் தொடங்கின. ஐந்து ஆட்டம். அதை வைத்துப் பதினைந்து வருஷத்தை முடிவு செய்வது எங்கள் ஊர் வழக்கம். முதல் ஆட்டத்தில் ஸ்பைவி பதின்மூன்று முறை எறிந்து பதினொன்றைத் தவறவிட்டான். "முடிஞ்சுது," என்றார் வெர்லின். மூன்றாவது ஆட்டத்தில் பதினாலு பந்து பிடுங்கினான். "எதிரி அணி சொத்தை." ஐந்தாவது ஆட்டத்தில் நன்றாகவே ஆடினான். "இப்ப ஆடி என்ன? இங்க இடம் இல்லைன்னு ஐரோப்பாவுக்கு அனுப்பிடுவாங்க."

இந்த ஐந்து நாளும் நான் அவரை எழுப்பி, துடைத்து, நடைசட்டத்தைப் பிடிக்கவைத்துக் கழிப்பறை வரை நடத்திக்கொண்டிருந்தேன். ஜோலீன் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஐந்தாவது நாள் மாலை, ஆட்டம் முடிந்ததும், டிவியை அணைத்தாள்.

"அப்பா, நான் பார்த்துட்டேன். முதல் அடியே தயங்குது. இடது பக்கம் சாயறீங்க. திரும்பறப்ப நின்னுடறீங்க. இனிமே தனியா முடியாது. ஃபோர்ட் வேன்ல முதியோர் இல்லம் ஒண்ணு பேசிட்டேன். சனிக்கிழமை போறோம். வீட்டை வித்துடலாம்."

வெர்லின் முகம் சிவந்தது. "அஞ்சு நாள்! அஞ்சே நாள்ல ஒரு மனுஷனை எடை போட்டுடுவியா?"

"ஸ்பைவிக்கு மறுநாள் காலையிலேயே நீ சி போட்டியே," என்றார் ஆட்டம் பார்க்க வந்திருந்த லமார், பொரியை மென்றுகொண்டே.

"அது வேற!"

"என்ன வேற?"

"அவனுக்கு வீடு போகலையே!"

லமார் பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எனக்கும் கொஞ்சம் உறைத்தது. நாற்பத்தைந்து வருஷம் இருந்த வீடு. நான் ஜோலீனிடம், "ஐந்து நாள் ரொம்பக் குறைச்சல்மா. ஆணி போட்ட இடுப்பு மூணு வாரத்துல வேற மாதிரி இருக்கும்," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க?"

"என்னத்தை?"

"முதல் நாளே. அப்பாவைத் துடைச்சுவிட்டு வெளிய வந்து, 'இந்த இடுப்பு தேறாது, நான் நிறைய பார்த்திருக்கேன்'னு. உங்களைவிட யாருக்குத் தெரியும்னுதான் நான் இல்லத்துக்கே போன் போட்டேன்."

சொல்லியிருந்தேன். துண்டை உதறிக்கொண்டே, யோசிக்காமல், நிபுணராக. நாற்காலியும் பொரியும் மட்டும்தான் இல்லை.

தவறு செய்தால் சரி செய்ய வேண்டும், அழுது பயனில்லை. "அது உளறல்," என்றேன். "மூணு வாரம் கொடு. பிசியோதெரபிஸ்ட் வந்து கடிகாரம் வச்சுப் பார்க்கட்டும். அவங்க சொல்றபடி செய்." ஜோலீன் ஒத்துக்கொண்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மூன்று வாரம் அவரைப் படுத்தினேன். நாற்காலிக் கையை அழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரட்டும், எழுந்ததும் ஒரு மூச்சு, அப்புறம் அடி. நூறு முறை. சோதனை நாளன்று பிசியோதெரபிஸ்ட் வந்தார். கரீன் என்று ஒரு பெண், அதிகம் பேசாதவர். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஜோலீனும் லமாரும் சுவரோரம் நின்றார்கள்.

கரீன் கடிகாரத்தை அழுத்தியதும் வெர்லின் என்ன செய்தார் தெரியுமா? நாற்காலிக் கையைத் தொடவே இல்லை. நடைசட்டத்தைத் தள்ளினார். கூடையை நோக்கித் துள்ளுகிறவர் மாதிரி எகிறி எழுந்தார். அணிகள் பையன்களைப் பொறுக்கும் முன் ஓடவிட்டுத் தாவவிட்டுப் பார்ப்பார்களே, அந்த நினைப்பு! அரை அடியில் சாய்ந்தார். அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பொத்தென்று உட்காரவைத்தேன்.

"இது என்ன?" என்றார் கரீன்.

"முதல் அடி வேகம்," என்றார் வெர்லின், மூச்சு வாங்க.

"வேகத்தை யார் கேட்டா? பாத்ரூம் எங்கயும் ஓடிப் போயிடாது. இன்னும் ஒரே தடவை. விழற மாதிரி இருந்தா அப்படியே எழுதிடுவேன்."

ஜோலீன் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தாள். வெர்லின் அதைப் பார்த்தார். பிறகு கையை அழுத்தினார். மூக்கை நீட்டினார். எழுந்தார். ஒரு மூச்சு. நடைசட்டம், அடி, நடைசட்டம், அடி. அழகு கிடையாது, வேகம் கிடையாது, பார்க்கவே அலுப்பு. திரும்பும் இடத்தில் நான்கு சிறு எட்டுகளாக, பேருந்தைக் குறுகலான சந்தில் திருப்புவது போல, பார்த்துப் பார்த்துத் திரும்பினார். இந்த முறை இடுப்பு ஒத்துழைத்தது. வந்து உட்கார்ந்தார்.

கரீன் ஏதோ எழுதினார். "குளியலறையில ரெண்டு கைப்பிடி வைக்கணும். தரைவிரிப்பை எடுத்துடணும். மத்தபடி இங்கயே இருக்கலாம்."

ஜோலீன் சாவியை உள்ளே போட்டாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம்," என்றாள்.

"பி மைனஸ்," என்றார் லமார்.

"போடா!" என்றார் வெர்லின். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றார். இனி ஒரு வருஷத்துக்கு ஸ்பைவியைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்றும் சொன்னார். அந்த வாக்கு இரவுச் சாப்பாடு வரை தாங்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கோ இருக்கிற கூடைப்பந்துப் பைத்தியங்கள்தானே என்று. சரி. போன மாதம் அலுவலகத்தில் சேர்ந்த புதுப் பெண் காபி கொண்டுவந்த விதத்தைப் பார்த்து, "இவள் ஆறு மாதம் தாங்கமாட்டாள்" என்றவர் யார்? உங்கள் தெருவில் குடிவந்த தம்பதியின் சாமான் வண்டியைப் பார்த்தே அவர்கள் மணவாழ்க்கையை முடித்துவைத்தவர் யார்? அதையெல்லாம் விடுங்கள். வெர்லினை உங்களுக்கு ஐந்து நிமிஷம்தான் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் அவர் மறுபடி விழுவாரா, மாட்டாரா என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், இல்லையா?

எனக்குச் சொல்ல வேண்டாம். அவர் மகளிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள்.