பாரூர் ஏரிக்கரையில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன்

அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குப் பெண் கொடுக்கவே கூடாது. இதை என் மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். (வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.)

சிவகங்கையில் அப்பா வீட்டு ஹாலில் அண்ணனின் குடும்பப் படம் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு ஆணி காலி. வருகிறவரிடமெல்லாம் அப்பா, "அது ஓசூர்க்காரனுக்கு. அவனுக்கு எங்க நேரம்?" என்பார். மாறி மாறி வரும் ஷிப்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் ஒரே படத்தில் இருந்ததே இல்லை. எனக்கு மானமே போனது. பொங்கலுக்குள் அந்த ஆணியில் படம் மாட்டியே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

ஸ்டுடியோவெல்லாம் அண்ணனுக்கு. எனக்கு அவுட்டோர்தான்! பெங்களூர்க்காரர்கள் மாதிரி நான்கு பேருக்கும் வெள்ளை உடை, பாரூர் ஏரிக்கரை, சாயங்கால வெயில். போட்டோகிராபர் மஞ்சு ஓசூர்க்காரர். போனில் கன்னடம், கேமராவைத் திட்டத் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

போய் இறங்கியதுமே மூன்று வயது மகன் கரும்பு தின்ற வாயைச் சட்டையில் துடைத்தான். ஆறு வயது மகள் "மாடு! மாடு!" என்று வரப்பில் ஓடினாள். இழுத்து வந்து நிறுத்தி, வேலையை ஆரம்பித்தேன்.

"கையக் கீழ போடு. செல்வி, முடி பறக்குது பாரு."

"ஏரிக்கரையில காத்து அடிக்காம என்னங்க பண்ணும்?" என்றாள் மனைவி.

"ஒன், டூ, த்ரீ... எல்லாரும் இங்க பாருங்க!" என்றார் மஞ்சு.

"டேய், மூக்குல என்னடா வெரலு?"

"அண்ணா, நீங்க கொஞ்சம்..."

"இருங்க மஞ்சு, மொதல்ல இவங்க ஒழுங்கா நிக்கட்டும்!"

செல்விக்குப் பொறுமை போய்விட்டது. "புள்ளைங்க சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க? உங்க கம்பெனி செவப்பு டப்பால தூக்கிப் போடுவீங்களா?" (தேறாத பாகங்களை நாங்கள் கழித்துப் போடும் டப்பா அது.)

"நான் டப்பாக்குள்ள போறேன்," என்றான் மகன், ஆசையாக.

இருட்டும் வரை இதே கூத்துதான். அந்த வாரமே படங்கள் வந்தன. மகள் அவ்வளவு அழகு. மகன் கரும்புக் கறையோடு ராஜா மாதிரி நிற்கிறான். செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாப் படங்களிலும் அவர்கள் மூவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு த்ரீக்கும் செக் பண்ணத் திரும்பியிருக்கிறேன், பாவி! படத்தில் என் பங்கு ஒரு காதும், கொஞ்சம் வழுக்கையும்.

"அதத்தாண்ணா நான் சொல்ல வந்தேன்," என்றார் மஞ்சு.

வேறு வழியில்லாமல் அதையே பிரேம் போட்டுப் பொங்கலுக்குக் கொண்டுபோனேன். அப்பா நிதானமாகப் பார்த்தார். "மருமகளும் பேரப்புள்ளைகளும் லட்சணமா இருக்காக. பக்கத்துல யாருடா, கார் டிரைவரா?" என்று கேட்டுவிட்டு ஆணியில் மாட்டினார். இன்றைக்கும் ஊருக்குப் போனால் அண்ணன் என்னை "வாங்க டிரைவர்" என்றுதான் கூப்பிடுகிறான்.

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தில் "என் குடும்பம்" வரைந்து கொண்டுவந்தாள். மூன்று முகம், ஓரத்தில் ஒரு காது.

காது கொஞ்சம் கோணல்தான். சொல்ல வாயெடுத்தேன். செல்வி முறைத்த முறைப்பில் விழுங்கிவிட்டேன்.