தவணை முறையில் ஒரு மொட்டை

துப்பாக்கியைவிடத் தலைமுடியைப் பத்திரமாகப் பாதுகாத்த சிப்பாய் இந்திய ராணுவத்திலேயே ஒருவன்தான். கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரன். தெருவில் அவனுக்குப் பெயர் 'பார்சல்'.

அவன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நாலு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. எல்லையில் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "முருகா, புள்ள பொழைச்சா தோள் வரைக்கும் முடி வளத்திப் பழனியில குடுத்துபோடறேன்" என்று வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தது. அப்புறம்தான் தான் ராணுவத்தில் இருப்பதே மகராசனுக்கு ஞாபகம் வந்தது.

வேண்டுதல் தீராமல் காது குத்தக் கூடாது என்று மனைவி பிடிவாதம். குழந்தைக்கு நாலு வயதாகிவிட்டது. அந்த வெறுங்காதைப் பார்த்துப் பார்த்து அவள் அழுவாள்.

முடி வளர்க்க அனுமதி கேட்டு மனுப் போட்டான். "பக்கத்துக் கட்டில் சர்தார்ஜி வளத்தறாரே, அதும் சாமிக்குத்தானுங்களே?" என்றும் கேட்டிருக்கிறான். அதிகாரி சிரித்துவிட்டாராம். "அவர் வெட்டாமல் இருப்பதற்கு வளர்க்கிறார். நீ வெட்டுவதற்கு வளர்க்கிறேன் என்கிறாய். அதைத்தான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நாங்களே செய்துவிடுகிறோமே!"

வேறு யாராக இருந்தாலும் நக்கல் என்று விட்டிருப்பார்கள். நம்மாள் அதை யோசனை என்று எடுத்துக்கொண்டான். கிராப்பு வெட்டும்போது விழும் முடியை ஊருக்குத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தான். கட்டி அனுப்புவது முகாமில் அவன் கூட்டாளியான ஒரு நாகர்கோவில்காரன். பார்சலின் மனைவி பெருந்துறைக்கு வேலைக்குப் போய்விடுவதால் இங்கே கையெழுத்துப் போட்டு வாங்குவது நான். உள்ளே என்னவென்று கேட்ட தபால்காரரிடம், "ஒரு ஆளோட தலைங்க, கொஞ்சங் கொஞ்சமா வருது" என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை.

சாமி பொருள் என்று பொட்டலங்களைப் பிரிக்காமலே அவள் ஒரு டப்பாவில் சேர்த்தாள். அது நிறைந்த வேகம் எனக்கே ஆச்சரியம். போன வருடம் லீவில் வந்தவனோடு வேன் பிடித்துப் பழனி போனோம். மொட்டையடிப்பவர் பொட்டலங்களைப் பிரித்தார். கறுப்பு, நரை, சுருட்டை, மருதாணிச் சிவப்பு!

"ஏனுங்க, இது எத்தனை பேர் தலைங்க?"

பார்சலுக்கு முகம் செத்துவிட்டது. அங்கிருந்தே நாகர்கோவில்காரனுக்குப் போன் அடித்தான். "லேய், ஒன் ஒருத்தன் முடி என்னைக்குல நெறையும்? பிள்ளைக்குக் காது குத்தணும்லா! அதான் எல்லாரும் போட்டோம். சர்தார்ஜிதான் பாவம், அவரு எப்படிப் போடுவாரு?"

பார்சல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஊரான் முடியக் குடுத்தா முருகனை ஏமாத்துன மாதிரி ஆயிராதுங்களாண்ணா? எம்புள்ளைக்கு எதாச்சும் ஆயிருமுங்ளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மொட்டையடிப்பவர் கத்தியை எடுத்தார். "குனிங்க தம்பி. தலை உங்களுதுதானுங்க? அரை இஞ்சு இருந்தாலும் முடி முடிதான். முருகன் என்ன, டேப்பு வெச்சுக்கிட்டா ஒக்காந்திருக்கறாரு?"

இரண்டே நிமிடம். வேண்டுதல் முடிந்தது.

"அட சாமி, இத்தன வருசமா இதை ஒருத்தராச்சும் சொல்லித் தொலைஞ்சிருக்கலாமுங்களே!" என்று அவன் மனைவி சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

டப்பாவை என்ன செய்வது என்று கேட்டேன். பார்சல் அதை வாங்கித் தன் முடியோடு சேர்த்துக் கொட்டினான். "இதும் போவட்டுமுங்ணா. அவங்களுக்கும் பொண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

அன்றைக்கே காது குத்தினார்கள். பிள்ளை போட்ட சத்தத்தில் மலையே அதிர்ந்தது. நான் கோயிலுக்கு அவ்வளவாகப் போகிற ஆளில்லை. அன்றைக்கு மட்டும் வரிசையில் நின்று, "முருகா, இவனும் அந்தப் பசங்களும் ஒருத்தர் கொறையாம ஊடு வந்து சேரோணும்" என்று கேட்டுக்கொண்டேன்.