ஜப்பார் பாயின் குரல் உடைந்த கதை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் ஜுவைரியா. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சொன்னாள். அப்துல் ஜப்பாருக்குக் கூடப்பிறந்த தங்கை அவள். ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன்காரர் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போய், கேட்டுக் கேட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது கண்ணையும் துடைத்துக்கொண்டு சொன்ன சங்கதி இது. ஆகவே நான் கூட்டிச் சொல்வது கொஞ்சம்தான். அல்லாஹ் மன்னிப்பான்.

ஜப்பாருக்குப் புதுவாயல் கூட்ரோட்டில் ஆணி, ஸ்க்ரூ, போல்ட்டு விற்கிற கடை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிற ஆட்களெல்லாம் அவரிடம்தான் நிற்பார்கள். கடையில் அவர் சிங்கம். ஆனால் சிங்கம் குகையை விட்டுக் கிளம்ப ஒரு டீ வேண்டும். அந்த டீயை அவர் மனைவி ஜாஹிதாதான் போட வேண்டும்.

மகள் ஹஸ்னாவுக்கு மலேசியாவில் தலைப்பிரசவம் என்று ஜாஹிதா கிளம்பினாள். ஏர்போர்ட்டில் வழியனுப்ப வந்தவர்கள் முன்னால் ஜப்பார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நீ நிம்மதியா போய்ட்டு வா. சோறாக்கறது இன்னா பெரிய வித்தையா? ஒரு மாசம் இன்னா, ஒரு வருசம்னாலும் நான் சமாளிப்பேன்."

முதல் நாள் அவர் வடித்த சோற்றை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். மறுநாள் வைத்த ரசத்தை வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்தது. அப்புறம் அவரை ஒரு பார்வை பார்த்தது. அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. ஓட்டல் சாப்பாடோ அவர் வயிற்றுக்கு ஆகாது. மனிதர் பன்னும் வாழைப்பழமுமாக நாளைத் தள்ளினார்.

ஒரே ஆறுதல், மருமகன் சர்ஃபராஸ் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெசேன்ஜரில் உட்கார்ந்தால் மலேசியாவோடு காசில்லாமல் பேசலாம். அந்தக் குரல் அவருக்கு ஓர் அதிசயமாக இருந்தது. சில நேரம் ஜாஹிதா அடுப்படியிலிருந்து பேசுவது போலிருக்கும். சில நேரம் கிணற்றுக்குள்ளிருந்து. சில நேரம் வார்த்தை பாதி வழியில் காணாமல் போய்விட்டு, லோக்கல் ரயில் நின்றதும் சனம் மொத்தமாக வந்து விழுமே, அந்த மாதிரி நாலு வார்த்தை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து விழும். 'இத்தனை கடலைத் தாண்டி வர்றதாச்சே, மூச்சு வாங்காதா பின்னே?' என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் ஜாஹிதா கேட்டாள்: "ஏங்க, ஹஸ்னாவுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த புள்ள. அவளால நிமிந்து உக்கார முடியல. இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வரவா? விசா நீட்டிக்கலாம்னு மருமவன் சொல்றாரு. நீங்க வேணாம்னா வந்துடறேன்."

ஜப்பார் மனசுக்குள் கணக்குப் போட்டார். சரி என்றால் பட்டினி. வேணாம் என்றால், பெற்ற மகளைவிட இட்லிதான் பெரிசு என்று சம்பந்தி வீட்டில் பேசுவார்கள். என்ன சொல்வது என்று திணறும்போதே லைன் தானாகக் கரகரத்தது. "ஹலோ... கேக்குதா... ஹலோ..." என்றாள் ஜாஹிதா. அப்படியே கட் ஆனது.

ஜப்பார் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். கேட்கவே இல்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஊர் திரும்பும் டிக்கெட் தேதி தானாக வந்துவிடும்.

அன்றிலிருந்து உடைந்த குரலில் பேசிப் பழக ஆரம்பித்தார். கடையிலேயே பழகினார்.

"பாய், ரெண்டு இஞ்ச் ஆணி கீதா?" என்று கேட்டான் லேத்து வேலை பார்க்கிற பச்சையப்பன்.

"இரு... க்... எவ்... ளோ... ணும்..."

பச்சையப்பன் பதறிப்போய் ஓடி ஒரு சோடா வாங்கி வந்து உடைத்து அவர் வாயில் ஊற்றினான். "இன்னா பாய், வாய் இப்டி இழுத்துக்குச்சு? ஆட்டோ புடிக்கட்டா?"

நடிப்பு தேறிவிட்டது என்று ஜப்பாருக்கு ஒரே சந்தோஷம்.

அதற்குப் பிறகு மலேசியாவிலிருந்து பேரன் பால் குடித்த செய்தி வந்தால் அவர் குரல் மணி மாதிரி ஒலிக்கும். "இருந்துட்டு வரவா?" என்ற கேள்வி வந்தால் மட்டும் கண்ணாடித் தட்டு மாதிரி உடையும். ஜாஹிதா கோபப்படவில்லை. அதென்ன குரல், ஆளைப் பார்க்காமல் கேள்வியைப் பார்த்து உடைகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, குரல் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல் பேச்சு நடந்தது. ஜாஹிதா கேட்டாள்.

"ஏங்க, இருந்துட்டு வரவா?"

"ஹலோ... ஜா... தா... கேக்... ல... உடை..."

அந்த நேரம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கான பாங்கு ஆரம்பித்தது. ஜப்பார் விடவில்லை. "லை... சரி... ல்ல..." என்று துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே இருந்தார். பாங்கு முடியும் வரைக்கும் ஜாஹிதா பொறுமையாக இருந்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பாங்கு ரொம்ப அழகா இருந்துச்சுங்க. புது மோதினாரா?"

"ஆமா, கீழக்கரைப் பக்கத்து ஆளு, நல்ல குரல்..." என்று மணி மாதிரி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு எழுத்து கூட உடையாம முழுசா கேட்டேன். நடுவுல உங்க பேச்சு மட்டும் நொறுங்கி நொறுங்கி வந்துச்சு. ஏங்க, மைக்குக்கும் அல்லாஹ் மேல ஈமான் கீதா இன்னா?"

ஜப்பார் ஹெட்போன் வயரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மருமவன் சொல்லிக் குடுத்தாரு. பேசறதைச் சின்னச் சின்னப் பொட்டலமா கட்டித்தான் அனுப்புமாம். உங்க கடையில ஆணியும் ஸ்க்ரூவும் ஒரே பொட்டலத்துல கட்டறீங்க. பொட்டலம் வழியில தொலைஞ்சா ரெண்டும்தானே தொலையும்? ஆணி மட்டும் தொலைஞ்சு ஸ்க்ரூ மட்டும் பத்திரமா ஊடு வந்து சேருமா?"

ஆணிக் கடைக்காரர் தொழில் பழக்கத்தில் 'சேராது' என்று தலையாட்டினார்.

"நான் கோவிச்சுக்கல. வேணாம்னா வேணாம்னு வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துடறேன். மருமவனும் சம்பந்தியம்மாவும் பக்கத்துலதான் கீறாங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இருந்துட்டு வரவா?"

சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் வேணாம் என்பது? ஜப்பார் பேசவில்லை.

"ரெண்டாவது வாட்டி கேக்கறேன். இருந்துட்டு வரவா?"

பேசவில்லை.

"மூணாவது வாட்டி. இருந்துட்டு வரவா?"

ஹெட்போனில் அவர் மூச்சுச் சத்தம் அவருக்கே கேட்டது.

"நம்ம நிக்காஹ் அன்னிக்கு வாப்பா ரெண்டு சாட்சியோட உள்ள வந்து மூணு வாட்டி கேட்டாங்க. வெக்கத்துல நான் வாயே தொறக்கல. அதையே சம்மதம்னு எழுதிக்கினு பிரியாணி சாப்டப் போய்ட்டீங்க. இன்னிக்கு நானும் மூணு வாட்டி கேட்டுட்டேன், ரெண்டு பேரு சாட்சி. சந்தோசங்க. விசாவுக்கு நாளைக்கே எழுதிப் போட்டுடறோம்."

அப்போதுதான் ஜப்பாருக்கு மானம், மரியாதை, சம்பந்தியம்மா எல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து நின்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார்: "வேணாம் ஜாஹிதா! வேணவே வேணாம்! பூனை கூட போய்டுச்சு! நான் பட்டினி கெடக்கிறேன்!"

சரியாக அந்த நேரம் பார்த்து லைன் நிஜமாகவே உடைந்தது. "வே... பூ... போய்... டினி..." என்றுதான் மலேசியாவில் போய் விழுந்ததாம். பாங்கும் முடிந்திருந்தது. லைன்தான் உடைந்தது என்று சாட்சி சொல்ல வேறு சத்தமும் இல்லை.

அந்தப் பக்கத்தில் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஜாஹிதாவின் குரல் தெளிவாக வந்தது.

"முன்னைக்கு இப்ப நல்லாவே பண்றீங்க."

நீங்கள் கூட்ரோட்டுப் பக்கம்தானே போகிறீர்கள்? இந்தத் தூக்கில் மீன் ஆணம் இருக்கிறது, மேலே சோறும் வைத்திருக்கிறேன். போகிற வழியில் ஜப்பார் பாய் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.